பாட்டனார் பெயர் எந்த ஏட்டில்?

குடிவழி அறிய விரும்பும் அன்பர்கள் நம் பள்ளத்தாக்கில் பெருகி வருகின்றனர். ஒருவர் பட்டாவில் பெயர் மாற்றம் செய்வதற்காகத் தம் பாட்டனாரின் பெயரைத் தேடுகிறார். மற்றொருவர் மலைமேலுள்ள ஏலத்தோட்டத்தின் உரிமையை நிலைநாட்டத் தம் பூட்டனாரின் பெயரைத் தேடுகிறார். வேறொருவருக்கு வழக்கும் இல்லை, வில்லங்கமும் இல்லை. தம் குடும்பம் எங்கிருந்து இந்த மண்ணுக்கு வந்தது என்று பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விடை கூற வேண்டும், அவ்வளவே. தேவாரம் முதலாகக் கம்பம் வரையுள்ள ஊர்களில் வீட்டில் கன்னடம் பேசுவோரும், தெலுங்கு பேசுவோரும், தமிழ் பேசுவோரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்வதால் இக்கேள்வி எழாத வீடு அரிது.

கேள்வி எளிது, விடை எளிதன்று. தந்தையின் தந்தை பெயரைக் கூறுவோர் பலர். அவருடைய தந்தை பெயரைக் கூறுவோர் சிலர். அவர் பிறந்த ஆண்டையும், உழுத நிலத்தையும், நெய்த தறியையும், மணந்த பெண்ணின் ஊரையும் சேர்த்துக் கூறுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவையெல்லாம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஓர் அலுவலக அலமாரியிலோ, கோயில் பெட்டியிலோ, கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பேரேட்டிலோ அவை கிடக்கின்றன. அவற்றை எவ்வாறு தேடுவது, கிடைத்ததை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடுகளால் அறியப்பட்ட ஒரு வாழ்வு

ஒரு மனிதரின் வாழ்வை ஏடுகளைக் கொண்டு எவ்வளவு தூரம் அறியலாம் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் அவர்கள். அவர் நம் குருதி உறவினர் அல்லர். எனினும் இப்பள்ளத்தாக்கின் மக்கள் அவரைத் தம் முன்னோருள் ஒருவராகவே கொண்டுள்ளனர். அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 அன்று அவருக்குப் பொங்கலிடுகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

அவர் 1841-ஆம் ஆண்டு புனாவில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் பிரிகேடியர் பதவி வகித்தவர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியருடன் நடந்த போரில் அவர் மாண்டார். உடன் இருந்த மூத்த மைந்தரும் அதே களத்தில் மாண்டார். இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்று இரண்டு நாட்கள் எஞ்சியிருந்தன. பின்னர் அவர் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம்ப் இராணுவப் பள்ளியிலும் பயின்று, 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்க்கப்பட்டு, 1860-இல் இந்தியாவுக்கு வந்தார். 1868-இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றினார். 1879-இல் கிரேஸ் ஜார்ஜினா சேமியர் என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் ஐவர், ஆண்மகன் ஒருவர். அம்மைந்தர் பின்னாளில் இங்கிலாந்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லி என்னும் ஊரில் பென்னிகுவிக் காலமானார். அடுத்துள்ள ஃபிரிம்லி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தனை செய்திகளை எவ்வாறு கூற முடிகிறது? ஆங்கிலேயர் தம் மக்கள் ஒவ்வொருவருக்கும் ஏடு வைத்திருந்தனர். இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பாதிரிமார் பதிந்து, அவற்றின் படிகளை மாகாணவாரியாக லண்டனுக்கு அனுப்பினர். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இராணுவப் பள்ளியில் சேர்வோர் பிறப்புக்குரிய சான்றைத் தாக்கல் செய்தனர். பதவி உயர்வுகள் ஆண்டுதோறும் படைப்பட்டியலில் அச்சாயின. இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதிவு செய்து வருகிறது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய குடிக்கணக்கு உண்டு. நூறாண்டு கழிந்தபின் அதனை யாவரும் பார்க்கலாம். 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஏப்ரல் 2 அன்று எடுக்கப்பட்டது. பென்னிகுவிக் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே காலமானமையால் அவர் பெயர் அதில் இராது. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர் இல்லாமற்போவதும் ஒரு செய்தியே என்பதைக் குடிவழி தேடுவோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

இவ்வேடுகள் இருந்தமையாலன்றோ, உத்தமபாளையத்திலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஓர் இளைஞர் அவருடைய கல்லறையைத் தேடிக் காண முடிந்தது! 2022-ஆம் ஆண்டு கேம்பர்லியில் தமிழ்நாட்டு அரசின் சார்பில் அவருக்குச் சிலையும் நிறுவப்பட்டது.

வாய்மொழியும் ஏடும்

பென்னிகுவிக் அவர்களின் வரலாறு நமக்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. அணை வேலை வெள்ளத்தில் சிதைந்தபோது சர்க்கார் கைவிட்டதென்றும், அவர் மனைவியின் நகைகளை விற்றுக் கட்டினாரென்றும் நம் ஊர்களில் கூறுவர். நன்றியுள்ள மக்கள் கூறும் செய்தி இது. இதனை இகழ வேண்டுவதில்லை. ஆயினும் அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் திட்டம். 1876-ஆம் ஆண்டின் தாதுவருடப் பஞ்சம் அத்திட்டத்தை அவசரமாக்கியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுடன் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகை. 1887-இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். அப்பணியில் இருந்த மெக்கன்சி என்னும் பொறியாளர் 1899-இல் திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். செய்தி நகையைப் பற்றியதாயினும் நிலத்தைப் பற்றியதாயினும், அந்தந்தக் காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதனை வரலாறென்று எழுத வேண்டும்.

2021-ஆம் ஆண்டு மதுரையில் புதிய நூலகத்துக்கென ஒரு பழைய பொதுப்பணித்துறைக் கட்டடம் இருந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அது பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று கூறிப் பலர் எதிர்த்தனர். அதிகாரிகள் கட்டடப் பதிவேட்டைக் காட்டி, அவர் காலமான பின்னரே அக்கட்டடம் எழுந்தது என்று விளக்கினர். இருதரப்பாரும் நெடுநேரம் வாதாடியிருக்கலாம். இரண்டு தேதிகளை அருகருகே வைத்தவுடன் கேள்வி தெளிவாயிற்று.

இதனால் வாய்மொழி பயனற்றது என்று கொள்ளலாகாது. பாட்டியார் கூறும் செய்தியில் ஆண்டு பிழையாக இருக்கலாம். ஊர் சரியாக இருக்கும். உறவு முறை சரியாக இருக்கும். வாய்மொழியை வழிகாட்டியாகக் கொண்டு ஏட்டுக்குச் செல்ல வேண்டும்; ஏட்டைக் கண்டபின் மீண்டும் பாட்டியாரிடம் வந்து கேட்க வேண்டும். அப்போது அவருக்கு மறந்தவை பலவும் நினைவுக்கு வரும்.

பெயர் எழுதப்படாதவர்கள்

அணை கட்டியபோது நோயால் இறந்தோர் 483 பேர் என்று கணக்கு உண்டு. அணைக்கு வடக்கே அவர்களுக்கு இடுகாடு உண்டு. மலைக்காய்ச்சலிலும் மழையிலும் கல்லுடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், மண் சுமந்தவர் ஆயிரக்கணக்கானோர். தலைமைப் பொறியாளரின் வாழ்வை நாள்வாரியாக எழுத இயலும் நாம், அவருக்குக் கீழே கல் சுமந்த நம் பாட்டன்மாரை எண்ணிக்கையாக மட்டுமே அறிகிறோம். இந்த வேறுபாடு அவர் குற்றமன்று. யாருடைய பெயரை எழுத வேண்டும், யாரைத் தலைக்கணக்கில் சேர்த்தால் போதும் என்று அக்காலத்து ஆட்சி வகுத்திருந்த முறையின் விளைவு அது.

நம் நாட்டில் 1871 முதல் குடிக்கணக்கு எடுக்கப்படினும், தனியாள் பெயர்கொண்ட படிவங்களைப் பொதுமக்கள் பார்வையிட வழியில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இரகசியமாக வைத்துள்ளது. தொகைகளே நமக்குக் கிடைக்கும். ஆகவே ஆங்கிலேயக் குடும்பம் செல்லும் வழியில் நாம் செல்ல இயலாது. நமக்குரிய வழி நிலத்தின் வழி, பத்திரத்தின் வழி, கோயிலின் வழி, சங்கத்தின் வழி.

முதலில் வீட்டுப் பெட்டி

தேடலை வெளியூரில் தொடங்கலாகாது. வீட்டிலுள்ள மரப்பெட்டியையும் பரணையும் முதலில் பார்த்தல் வேண்டும். வரி ரசீது, அடமானப் பத்திரம், திருமண அழைப்பிதழ், மொய் நோட்டு, ஜாதகம், பழைய ரேஷன் அட்டை ஆகிய ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பெயரையும் ஒரு நாளையும் தரும். மொய் நோட்டு ஒன்று கிடைத்தால் அதுவே உறவினர் பட்டியல். எந்த ஊரார் எவ்வளவு செய்தனர் என்பதிலிருந்து கொண்டு கொடுத்த ஊர்கள் விளங்கும். மாசிச் சிவராத்திரிக்குக் குடும்பம் எந்தக் கோயிலுக்குச் செல்கிறது, அங்கே உடன் பங்காளிகளாக நிற்போர் யார் என்பதையும் குறித்துக்கொள்க. குலதெய்வம் இருக்கும் ஊர் பெரும்பாலும் முன்னோர் வாழ்ந்த ஊராகவோ வழியில் தங்கிய ஊராகவோ இருக்கும்.

பழைய பத்திரங்களைப் படிப்பதில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது எழுத்து. எண்களைத் தமிழ் எண்ணாகவே எழுதினர். ௰ என்பது பத்து. ௱ என்பது நூறு. ௲ என்பது ஆயிரம். ஆகவே ௲௮௱௯௰௫ என்று கண்டால் அது 1895. ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும், ௸ மேற்படியையும் குறிக்கும்.

இரண்டாவது ஆண்டு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். மன்மத ஆண்டு என்றால் அது 1895-ஆகவும் இருக்கலாம், 1955-ஆகவும் இருக்கலாம், 2015-ஆகவும் இருக்கலாம். முத்திரைத் தாளின் வகையையும், சாட்சிகளின் பெயரையும் கொண்டே எதுவென்று தீர்மானிக்க வேண்டும். வருவாய்த்துறைக் கணக்குகளில் பசலி ஆண்டு வழங்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலை முதல் நாள் பிறக்கும். எனவே அணை திறந்த 1895 அக்டோபர் பசலி 1305-இல் அடங்கும். மலையாளத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனோடு 824 அல்லது 825-ஐக் கூட்டுதல் வேண்டும்.

நிலத்தின் வழி

உழவர் குடும்பத்துக்கு நிலமே குலவரலாறு. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் உண்டு. இன்றுள்ள பட்டாவில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்க. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்கள் உட்பிரிவாயின. பெயர்ப் பிழைகளும் புகுந்தன. அதற்கு முந்தைய அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அடங்கலில் எந்தப் பசலியில் எந்தப் பயிர் இருந்தது என்பதும் கிடைக்கும். பாட்டனார் சோளம் விதைத்தாரா, பருத்தி விதைத்தாரா என்பதை அது கூறும். மானாவாரியாக இருந்த நிலம் எப்பொழுது கிணற்றுப் பாசனமாயிற்று, பதினெட்டாம் கால்வாய் வந்தபின் எவ்வாறு மாறியது என்பதையும் அதில் காணலாம்.

ஜமீன் நிலமாக இருந்தால் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நடந்த செட்டில்மெண்ட் கணக்கைத் தேட வேண்டும். இனாம் நிலமாக இருந்தால் 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் பதிவேடுகள் உதவும். அவற்றில் இனாம் பெற்றவர், அனுபவித்தவர், அவருடைய வாரிசுகள் ஆகியோரின் விவரம் உண்டு. பரம்பரைக் கர்ணமும் முன்சீப்பும் 1980 வரை கிராமக் கணக்குகளை வைத்திருந்தனர். அதன்பின் அவை தாலுகா அலுவலகங்களுக்குச் சென்றன. தேனி மாவட்டம் 1996-இல் பிறந்தது. அதற்கு முன் இப்பகுதி மதுரை மாவட்டம். பழைய ஏடுகளைத் தேடுவோர் மதுரையையும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டியிருக்கும்.

பத்திரத்தின் வழி

சார்பதிவாளர் அலுவலகம் நம் நாட்டின் மிகச் சிறந்த குடிவழிக் களஞ்சியம். இந்தியாவில் பத்திரப் பதிவு 1865 முதல் நடைபெறுகிறது. பெயரைக் கொண்டு தேட ஓர் அட்டவணையும், சொத்தைக் கொண்டு தேட மற்றோர் அட்டவணையும் அங்கு உண்டு. விலைப்பத்திரம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் ஆகியவற்றில் எழுதிக் கொடுப்பவரின் பெயர், தந்தை பெயர், ஊர், தொழில் யாவும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் அண்ணன் தம்பிமார் அனைவரும் வரிசையாக வந்துவிடுவர்.

நான்கெல்லை எழுதிய பகுதியை விரைந்து கடந்துவிடலாகாது. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் தோட்டம் என்று எழுதியிருப்பவர்களுள் பங்காளியும் சம்பந்தியும் இருப்பர். சாட்சியாகக் கையொப்பமிட்டவரும் பெரும்பாலும் உறவினரே. கடன் வாங்கிய காரணத்தையும் பழைய பத்திரங்கள் எழுதும்: மகள் திருமணம், கிணறு வெட்டு, மாடு வாங்கல், முன் கடன் தீர்த்தல். ஒரு குடும்பம் எந்த ஆண்டில் தாழ்ந்தது, எந்த ஆண்டில் நிமிர்ந்தது என்பதை அவற்றைக் கொண்டு கணிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் வழக்கம். இராமன் மகன் கருப்பன். கருப்பன் மகன் இராமன். மீண்டும் இராமன் மகன் கருப்பன். 1890-இல் வரும் இராமனும் 1940-இல் வரும் இராமனும் ஒருவரல்லர். வயது, மனைவி பெயர், சர்வே எண் ஆகிய மூன்றில் இரண்டேனும் ஒத்தாலன்றி ஒருவரை மற்றவராகக் கொள்ளலாகாது.

பிறப்பு, கல்வி, வழிபாடு

சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 1969-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தாலும் பிறப்பு இறப்புகள் பதியப்பட்டன. பழைய பதிவில் குழந்தையின் பெயர் இராது. இன்னாருக்கு ஆண்குழந்தை என்று மட்டும் இருக்கும். அதனோடு தொடக்கப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பள்ளிப் பதிவில் பிறந்த நாள் தலைமையாசிரியர் உத்தேசமாக எழுதியதாக இருக்கலாம். ஆயினும் தந்தை பெயரும் தொழிலும் மெய்யாக இருக்கும்.

கத்தோலிக்கக் குடும்பத்தார்க்கு இராயப்பன்பட்டி போன்ற ஊர்களின் பங்குத் தேவாலய ஏடுகள் உண்டு. திருமுழுக்குப் பதிவில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் வரும். உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களின் இஸ்லாமியக் குடும்பத்தார்க்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் உண்டு. மணமகளின் தந்தை பெயரும் மஹர் தொகையும் அதில் இருக்கும். கோயில்களில் வரிக் கணக்கு, மண்டகப்படிக் கணக்கு, உபயக் கல்வெட்டு ஆகியவற்றைப் பார்க்கலாம்.

மலை கடந்தவரும் கடல் கடந்தவரும்

தேவாரத்துக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் ஏலத்தோட்டம். நம் ஊரார் பல தலைமுறைகளாக அங்கே நிலம் திருத்தியும் கூலிக்குச் சென்றும் வாழ்ந்தனர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் சேர்ந்தன. வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மற்றொரு மாநிலத்திலுமாக நின்ற குடும்பங்களின் ஏடுகளும் இரண்டாகப் பிரிந்தன. 1949 வரையிலான பத்திரங்கள் திருவிதாங்கூர் அரசுக்குரியவை. மலையாளத்தில் கொல்லம் ஆண்டிட்டு எழுதப்பட்டவை. பாட்டனார் பெயரும் மலையாள எழுத்தில் சற்று மாறியிருக்கும். இவற்றைப் படியெடுத்து மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளாத குடும்பம், உரிமையை நிலைநாட்ட வேண்டிய நாளில் வெறுங்கையோடு நிற்க நேரும்.

இலங்கைக்குச் சென்றோர் கங்காணி மூலம் சென்றனர். மண்டபம் முகாமும், தோட்டத்துச் செக்ரோலும் அவர்களின் ஏடுகள். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு திரும்பியோரின் பயண ஆவணங்கள் குடும்பத்தினரின் பெயரையும் வயதையும் தருவன. தாயகம் திரும்பிய குடும்பத்தார் அவற்றைக் கிழிந்த காகிதம் என்று எறிந்துவிடலாகாது.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் நிலை வேறு. 1860 முதல் 1911 வரை அங்கு சென்ற சுமார் 1,52,000 பேரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டுள்ளன. மொரீஷியஸின் குடியேற்ற ஏடுகளை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் 2015-இல் சேர்த்தது. அவ்வேடுகளைக் கையில் கொண்டு, நான்கு தலைமுறைக்கு முன் பிரிந்த கிராமத்தைத் தேடி இன்றும் தமிழ்நாட்டுக்கு வருவோர் உளர். அவர்கள் வந்து கேட்கும்போது, ஊரில் தங்கிய பங்காளிகளிடம் கூற யாதொரு ஏடும் இல்லை என்றால் அது வருந்தத்தக்கதன்றோ?

பெண்மக்கள் பெயர்

மேற்கூறிய ஏடுகள் அனைத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. பட்டாவில் ஆண் பெயர். பத்திரத்தில் தந்தை பெயர். வம்சாவளிச் சீட்டில் ஆண்மக்கள் மட்டும். பாவு ஓடி, நூல் சுற்றி, களை பறித்து, நாற்று நட்ட பாட்டிமார் எங்கும் எழுதப்படவில்லை. மணமாகி வேற்றூர் சென்ற அத்தைமார் மறக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை சட்டமாயிற்று. ஆகவே பெண்மக்களை விட்டு எழுதிய குடிவழிப் பட்டியல் முறையற்றது மட்டுமன்று, சட்டத்தின் முன் செல்லாததும் ஆகும். எழுதத் தொடங்கும் அன்பர்கள் தாய்வழியையும் தந்தைவழியைப் போலவே நான்கு தலைமுறை எழுதுதல் வேண்டும். தாயின் தாய் பெயரை அறிந்தவர் இன்று வீட்டில் ஒருவரேனும் இருப்பார். நாளை இருப்பார் என்று கூறுவதற்கில்லை.

நமது சங்கத்தின் ஏடுகள்

இறுதியாக நம் பொறுப்பைப் பற்றிச் சில சொற்கள். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தவுடன், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சங்கம் தோன்றியது. நெசவாளருக்கென மாகாணச் சங்கம் 1935-இல் ஏற்பட்டது. அதுவே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். அன்று முதல் ஊர்தோறும் பதியப்பட்ட அங்கத்தினர் பதிவேடு, பங்குப் பேரேடு, கடன் மனு, ஜாமீன் பத்திரம், தறிப் பதிவேடு, நூல் வழங்கிய புத்தகம், கூலிப் புத்தகம் ஆகியவற்றில் பாமர மக்களின் பெயர்கள் முழுமையாக உள்ளன. நிலமில்லாதவர் பட்டாவில் இரார். பத்திரம் எழுத வகையற்றவர் சார்பதிவாளர் ஏட்டில் இரார். ஆனால் ஆண்டிபட்டிச் சக்கம்பட்டியிலோ டி.சுப்புலாபுரத்திலோ ஒற்றைத் தறி வைத்திருந்த நெசவாளர் சங்கத்தின் ஏட்டில் இருப்பார். தந்தை பெயர், வயது, வீடு, அவர் தம் பங்குக்கு நியமித்த வாரிசின் பெயர் யாவும் அங்கிருக்கும். வாரிசாக மனைவியை நியமித்தவர் பலர். ஆகவே வேறெங்கும் இல்லாத பெண் பெயரும் அங்கே கிடைக்கும்.

இத்தகைய ஏடுகளைப் பழைய காகிதமென்று நிறுத்து விற்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தணிக்கை முடிந்து கால வரம்பும் கடந்தபின் கணக்குக்கு அவை தேவையில்லாதிருக்கலாம், குடும்பங்களுக்குத் தேவை. நிர்வாகக் குழுவினர் கழித்தல் தீர்மானம் நிறைவேற்றுமுன் அங்கத்தினர் பதிவேட்டையும் பங்குப் பேரேட்டையும் விலக்கி வைத்தல் வேண்டும். ஈரமில்லாத அறையில், கரையான் அணுகாத இரும்பு அலமாரியில், துணியில் சுற்றி வைத்தால் போதும். கிழிந்த தாளில் பசை நாடா ஒட்டலாகாது. அது காலப்போக்கில் தாளையே தின்றுவிடும். கைபேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் வைப்பது இன்று எந்தச் சங்கத்துக்கும் எட்டும் செலவே. ஓலைச்சுவடி இருந்தால் தாமே எண்ணெய் பூசிச் சோதனை செய்யாமல் ஆவணக் காப்பகத்தின் ஆலோசனையைப் பெறுதல் நலம்.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவதும் சிறிதே. ஒரு நாற்பது பக்க நோட்டில் முதற் பக்கத்தில் தம் பெயரையும், பெற்றோர் நால்வழிப் பாட்டன் பாட்டியர் பெயரையும் எழுதுக. ஒவ்வொரு பெயரின் கீழும் அது எங்கிருந்து தெரிந்தது என்று குறிக்க: இன்னார் கூறியது, இந்தப் பத்திரம், இந்தப் பசலி அடங்கல். ஏட்டில் கண்டதையும் கேட்டறிந்ததையும் இரு நிற மையால் பிரித்து எழுதினால் பின்வருவோர்க்கு மயக்கம் நேராது. தெரியாத இடத்தைக் காலியாக விடுக; ஊகத்தால் நிரப்பற்க. சங்கத்திற்கு ஒரு படி தந்து வைத்தால், வீட்டு நோட்டு தொலையினும் சங்கத்தில் அது நிற்கும்.

அணை கட்டிய பொறியாளரின் கல்லறையைக் கடல் கடந்து சென்று கண்டவர் நம் பள்ளத்தாக்கின் மைந்தரே. அந்த அக்கறையும் முயற்சியும் அணைக்குக் கல் சுமந்தவருக்கும், அந்த நீரில் நெல் விளைவித்தவருக்கும், அவர்களுக்கு ஆடை நெய்தவருக்கும் உரியன. எழுத வேண்டியவர் வேறு யாரும் இல்லை. அவர்தம் பேரன் பேத்தியரே எழுத வேண்டும். அடுத்த பங்குத்தொகை செலுத்தச் சங்கத்துக்கு வரும் நாளில், பேரேட்டில் தம் பாட்டனார் பெயர் உள்ளதா என்று காரியதரிசியிடம் கேட்டுப் பார்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டுகிறோம்.